ஆறு தட்டு, ஓர் அழுத்தம்

என் நாக்கு என்னை விட்டுப் போனபோது நான் ஒரு செம்மறிக் கிடாயை விற்றுக்கொண்டிருந்தேன்.

ஸ்கெல்பெக் ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுவது என் தொழில். மூச்சு விடாமல் பேசுவேன். நடுவில் மூச்சு விட்டால் அதற்குள் விலை இறங்கிவிடும் என்பது எங்கள் தொழிலில் நம்பிக்கை. அன்று கிடாய் வளையத்துக்குள் சுற்றி வந்தது. நான் அதன் வம்சப் பெருமையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வலது கை மரக்கட்டை ஆயிற்று. சுத்தியல் நழுவி மேஜைமேல் விழுந்தது. சுத்தியல் விழுந்தால் விற்றாயிற்று என்று கணக்கு. அந்தக் கிடாயை யார் தலையில் கட்டினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாங்கியவரும் வந்து நன்றி சொல்லவில்லை.

மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என்னிடம் இரண்டு சொற்கள் மிச்சமிருந்தன. ஒன்று 'சாரி'. மற்றது 'எழவு'. யார்க்‌ஷர்க்காரன் ஒருவன் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே தொட்டில் முதல் கல்லறை வரை ஓட்டிவிடலாம். என் அப்பா ஓட்டியிருக்கிறார். சிக்கல் என்னவென்றால், எது எப்போது வரும் என்பது என் வசத்தில் இல்லை. தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் 'எழவு' என்றேன். கட்டில் சக்கரத்தில் கால்விரலை இடித்துக்கொண்டபோது கட்டிலிடம் 'சாரி' என்றேன். மற்ற சொற்கள் எல்லாம் பட்டியில் அடைத்த ஆடுகளைப்போலத் தலைக்குள் முட்டிமோதிக் கத்திக்கொண்டிருந்தன. கதவுதான் திறக்கவில்லை.

கால் சீக்கிரம் தேறிவிட்டது. கைத்தடியுடன் கழிப்பறை வரை போய் வந்தேன். இனி வீட்டுக்குப் போகலாம் என்று என் மனைவி மியூரியல் நினைத்தாள். நானும் நினைத்தேன். நீள்சொல் வாரியம் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சு போனவர் எவராயினும், வீட்டுக்குப் போகுமுன் வாரியத்தின் முன்னால் உட்கார்ந்து 'ரிஹாபிலிட்டேஷன்' என்று சொல்லியாக வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சி என்று அதற்கு அர்த்தம். நாங்கள் படுத்திருந்த வார்டின் பெயரே அதுதான். வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. வார்டின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் வார்டை விட்டுப் போகலாம்.

முன்காலத்தில் 'கதவு' என்கிற எளிய சொல்லை வைத்துச் சோதித்தார்களாம். வந்தவர்கள் எல்லாம் 'கதவு' என்று சொல்லிவிட்டு அதைத் திறந்துகொண்டு போய்விட்டார்கள். தோற்பவர் இல்லாத தேர்வுக்கு ஒரு துறை எதற்கு என்று மேலிடம் கேட்டிருக்கிறது. அதன் பிறகுதான் சொல்லை நீட்டினார்கள்.

தேறாதவர்களைக் 'கடல் காட்சி இல்லம்' என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். கிழக்குக் கரையில் இருந்தது. அங்கிருந்து கடல் தெரியாது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். போய் வந்தவர்கள் என்றால் பார்க்கப் போனவர்கள். தங்கப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

எனக்கு அந்த இல்லத்தின்மேல் தனியாகக் கோபம் ஒன்றும் கிடையாது. மியூரியலுக்குக் கண் மங்கிவிட்டது, அதுதான் விஷயம். ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்குப் பக்கத்திலிருக்கும் ஜன்னலைப் பார்ப்பாள். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ், டிரைவர்கள் எல்லாரும் பழக்கம். கடற்கரைக்கு மாறி மாறி ஏற வேண்டும். போகமாட்டாள் என்று இல்லை. போவாள். தவறான ஊரில் இறங்கி, தவறான கிழவனுக்குப் போர்வை போர்த்திவிட்டு வருவாள்.

ஆகவே நான் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்லப் பழக்கிய அசைப் பிரிவின் தலைவி மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். வாரியத்தின் தலைவியும் அவரே. சொல்லை அசை அசையாக உடைத்து, அசைக்கு ஒரு முறை கைதட்ட வேண்டும் என்பது அவருடைய முறை. ரீ, ஹ, பி, லி, டே, ஷன். ஆறு அசை, ஆறு தட்டு. அழுத்தம் ஐந்தாவது அசையில் விழ வேண்டும். முதல் நாள் என் கட்டிலருகே நின்று அவர் ஆற்றிய உரை எனக்கு மனப்பாடம். பதில் சொல்ல முடியாதவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை என்ன.

"மிஸ்டர் பூத்ராய்ட், ஒரு மனுஷர் தனக்கு என்ன நடக்குதுன்னு பேர் சொல்ல முடியலேன்னா, அது அவருக்கு நடக்கவே இல்லேன்னுதான் நாங்க எடுத்துக்கணும். நீங்க நடக்கறீங்க, சாப்பிடறீங்க, சட்டை போட்டுக்கறீங்க. அதெல்லாம் வெளித்தோற்றம். அதை நம்பி நாங்க யாரையும் குணமாயிட்டார்னு சொல்லிட முடியாது. அழுத்தம் அஞ்சாவதுல விழணும், மத்த அசைங்க அடங்கி நடக்கணும். யாரு மேல யாரு கீழன்னு தெரியாத சொல்லு ஒரு சொல்லா? எங்க பிரிவுல பாருங்க, என்கிட்ட கேக்காம யாரும் இருமக்கூட மாட்டாங்க."

அவருக்குப் பின்னால் நின்ற மூவரும் இருமாமல் நின்றார்கள்.

முதல் தடை சொல்லில் இல்லை, தட்டில் வந்தது. என் வலது கை செத்துக் கிடந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது அவர்களுடைய விதிமுறையிலும் இருந்தது, அரைப் பக்கத்துக்கு. அதன்படி எனக்கு ஒரு துணைக்கை வழங்கப்பட்டது. துணைக்கையின் பெயர் டெரிக். ஏதோ ஏஜென்சியிலிருந்து வந்தவன். என் கட்டிலின் வலதுபக்கம் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவான். நான் இடது கையால் அதில் தட்ட வேண்டும். நிஜத்தில் தான் இடதுகைக்காரன் என்றும், காலியிடம் வலதுகைக்குத்தான் இருந்தது என்றும் என் காதோடு சொன்னான். மேலே சொல்லிவிடாதே என்று வேறு கேட்டுக்கொண்டான். நான் 'சாரி' என்றேன். நெகிழ்ந்துபோனான்.

அடுத்த நாள் தொற்றுத் தடுப்புப் பிரிவினர் வந்து பார்த்தார்கள். தோலோடு தோல் படக்கூடாது, இருவரும் கையுறை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கையுறையோடு கையுறை தட்டினால் கம்பளத்தின்மேல் முயல் தத்துகிற ஓசைதான் வரும். மிஸ் ஸ்ட்ரிக்லண்ட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, தட்டு கேட்கவில்லை, ஆகவே அசை இல்லை என்றார். டெரிக் ஒரு வழி கண்டுபிடித்தான். நான் தொடும்போதெல்லாம் அவன் உரக்க "தட்டு" என்று சொல்லிவிடுவது. ரீ, தட்டு, ஹ, தட்டு என்று சிஸ்டர் ஒருத்தி சொல்லைச் சொல்ல, நாங்கள் கூடவே ஒத்திகை பார்த்தோம். மிஸ் ஸ்ட்ரிக்லண்டின் உதவியாளர் எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த நோயாளியிடம் மட்டும் சொல்லில் பன்னிரண்டு அசை இருக்கிறது, இது புதுவகை நோயாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்.

இது ஒரு பிரிவு. தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் பகுதி விகுதிப் பிரிவு இருந்தது. அதன் தலைவர் டாக்டர் ஆக்வொர்த். தாம் மருத்துவ டாக்டர் அல்ல என்பதை அவரே முதலில் சொல்லிவிடுவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் தவறாக எதிர்பார்த்துவிடக் கூடாது என்று. கைதட்டுவதில் அவருக்கு மரியாதை இல்லை. சர்க்கஸில் கடல்நாய் கூடத்தான் தட்டுகிறது என்பார். சொல்லை அர்த்தத்தின்படி மூன்றாக வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. 'ரீ' என்றால் மறுபடி. 'ஹபிலிட்' என்றால் தகுதி. 'ஏஷன்' என்றால் ஆக்குவது. மறுபடியும் தகுதி ஆக்குவது.

இரண்டு பிரிவும் ஒரே மனிதனை அறுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். ஆனால் ஐந்தாவது அசையில் இடித்தது. மிஸ் ஸ்ட்ரிக்லண்டுக்கு 'டே' என்பது ஒரே துண்டு. டாக்டர் ஆக்வொர்த்துக்கோ அதிலுள்ள மெய் பகுதியோடும் உயிர் விகுதியோடும் போயாக வேண்டும். உடம்பிலிருந்து உயிரைப் பிரிப்பது ஆஸ்பத்திரிகளில் நடப்பதுதான் என்றாலும், இப்படி மேஜை போட்டு அதற்காகச் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மலைப்பக்கத்தில் இரண்டு பண்ணைகளுக்கு நடுவே கல்சுவர் சரிந்துவிட்டால், கல்லை யார் எடுத்து வைப்பது என்று மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். ஆடு அதற்குள் அடுத்த மாவட்டம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் மணிக்கட்டில் இரண்டு பட்டைகள் கட்டினார்கள். ஆறாக உடைப்பதற்கு நீலம், மூன்றாக உடைப்பதற்குப் பச்சை. நீலத்தில் தேறினால் பச்சையில் தோல்வி, பச்சையில் தேறினால் நீலத்தில் தோல்வி. இரண்டிலும் தேறினால் மட்டுமே வீடு.

அப்படி ஒருவர் தேறியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு எதிர்க்கட்டிலில் இருந்த நார்மன் டின்ஸ்டேல். கார் பட்டறை வைத்திருந்தவர். எல்லாப் பயிற்சியையும் அவர் ஒருவரே பெற்று, எவர் எப்படிக் கேட்டாலும் அந்தந்தப் பிரிவுக்கு ஏற்றபடி உடைத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தார். வெளியூரிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் நார்மனைத்தான் காட்டுவார்கள். உங்கள் பெயர் என்ன? "ரிஹாபிலிட்டேஷன்." பால் ஊற்றட்டுமா? "ரிஹாபிலிட்டேஷன்." அழுத்தம் ஐந்தாவதில் ஆணி அடித்தாற்போல விழும். கைதட்டல்களுக்கு நடுவே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவர் மனைவி போன் செய்தாள். மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து, உதவி கேட்டு வெகுநேரம் அதையே கத்தியிருக்கிறார். இவள் கீழே இருந்துகொண்டு, பாவம் பயிற்சி எடுக்கிறார் என்று சும்மா இருந்துவிட்டாளாம். வாரியம் அந்த போன் அழைப்பைப் பாராட்டுகளின் கீழ் பதிவு செய்தது. சுவர் தாண்டியும் அசைகள் தெளிவாகக் கேட்டன என்று அவள் சொன்னாள் அல்லவா.

அதைக் கேட்டது முதல் எனக்கு இரண்டு பக்கமும் பயம். சொல்ல வராவிட்டால் கடல் காட்சி. வந்துவிட்டால் நார்மன். சிஸ்டர் வந்து இரத்த அழுத்தம் பார்த்தாள். எகிறிக் கிடந்தது. அழுத்தம் இவருக்குச் சரியாகத்தான் வருகிறது, இடம்தான் தவறு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாரியம் கூடுவதற்கு முந்திய மதியம் மியூரியல் தயிர்ப்பாலாடை வைத்த பணியாரம் கொண்டுவந்தாள். அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையில் பட்டன்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போட்டிருந்தன. அவளுக்குக் கண் மங்கியது முதல் தினமும் காலையில் பட்டன் போட்டுவிடுவது நான்தான். இடது கையால் ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரியாகப் போட்டேன். நேரமாயிற்று. அவள் அசையாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதாவது என்னை.

"இன்னைக்கி பஸ்ல ஒருத்தி சொன்னா, ஒங்க பட்டன் கோணலா இருக்குன்னு. எம் புருசன் வந்து சரி பண்ணுவான், நீ ஒன் வேலயப் பாருன்னேன்." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் விரலால் தட்டினாள். "சரி, சொல்லு பாப்பம். ரீ."

"எழவு" என்றேன்.

"அதுல மூணு அசை இருக்கு கிளிஃப். பாக்கி மூணுதான்."

நான் சிரித்தேன். சிரிப்புக்கு மட்டும் எந்தப் பிரிவும் இல்லாததால் அது ஒழுங்காக வந்தது. அவள் சிரிக்கவில்லை. இந்தச் சொல்லை நம் வீட்டில் யார் எப்போது சொன்னார்கள், இது இல்லாமல் எந்தக் குழம்பு கொதிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, பஸ்ஸைப் பிடிக்கும் வரை என் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வாரியம் கூடிய அறையில் தண்ணீர்க் குடுவை, பிஸ்கட் தட்டு, நீண்ட மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸ் ஸ்ட்ரிக்லண்டும் டாக்டர் ஆக்வொர்த்தும், ஒருவரை ஒருவர் பார்க்காத கோணத்தில். இந்தப் பக்கம் நான், என் வலதுபுறம் கையுறை போட்ட டெரிக், மூலையில் மியூரியல். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. கடல் காட்சி இல்லத்தின் வண்டி அங்கே ஏற்கெனவே வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை.

"ஆரம்பிக்கலாம்" என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை.

"ரீ."

டெரிக்கின் கையில் தட்டினேன். பட்டிக் கதவில் ஓர் ஆடு தலையை நீட்டியது.

"ஹ." தட்டு. "பி." தட்டு. நெற்றியிலிருந்து வியர்வை மூக்குக்கு இறங்கிற்று. துடைக்கக் கை இல்லை. இருந்த ஒரு கை காற்றில் இருந்தது. "லி." தட்டு. டெரிக் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். மூலையில் மியூரியலின் விரல் அவளுடைய முழங்காலிலேயே தட்டுவது கேட்டது. ஐந்தாவது வந்துகொண்டிருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கின் நுனி அண்ணத்தைத் தொட்டது. நான் வாழ்க்கையில் சேர்த்து வைத்த பலம் முழுவதையும் அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர் ஆக்வொர்த். "இப்ப வரப்போற மெய் எந்தப் பக்கம் சேரும்னு முதல்லயே பதிவு பண்ணிடணும். அவர் சொன்னதுக்கு அப்புறம் அசைப் பிரிவு அதை எடுத்துக்கறது வழக்கமாப் போச்சு."

டாக்டர் மெய்யை விட்டுக்கொடுக்கமாட்டார் என்பது தமக்குத் தெரியும் என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். சென்ற ஆண்டு அனுப்பிய குறிப்புக்கே பதில் வரவில்லை என்றார் டாக்டர். குறிப்பு மூன்று துண்டாக வந்ததால் யாருக்கும் புரியவில்லை என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். என் நாக்கு அண்ணத்தைத் தொட்டபடியே நின்றது. ஓர் ஆட்டை வாசலில் அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியாது. அது திரும்பி உள்ளே ஓடியது. அதன் இடத்தில் வேறொன்று பாய்ந்து வெளியே வந்தது.

"எழவு."

அழுத்தம் பிரமாதமாக விழுந்தது என்று மிஸ் ஸ்ட்ரிக்லண்ட் நேர்மையாக ஒப்புக்கொண்டார். சொல்தான் தவறு. டாக்டர் ஆக்வொர்த்தும் சொல்லைத் தவறு என்றார். அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது வாரிய வரலாற்றிலேயே முதல்முறை என்று பிறகு டெரிக் சொன்னான். கை குலுக்கிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வண்டிக்காரன் சக்கர நாற்காலியை இறக்கினான்.

மியூரியல் எழுந்தாள். தண்ணீர்க் குடுவையைப் பார்த்துப் பேசினாள், ஆகவே அவள் மிஸ் ஸ்ட்ரிக்லண்டிடம்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்கு அவன் வாய் வேணாம்மா. வாய் எங்கிட்டயே ரொம்ப இருக்கு. அவன் கண்ணும் அந்த ஒத்தக் கையும் போதும். வீட்டுக்குக் குடுத்துருங்க."

"நீங்க முதல்ல அந்தச் சொல்லைச் சொல்லுங்க, மிஸஸ் பூத்ராய்ட்" என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட்.

"எந்தச் சொல்ல?"

"நீங்க சொல்லத் தயங்கற சொல்லை."

மியூரியல் சொன்னாள். எங்கள் ஊரில் நீளமான சொல் எதையும் வாசலோடு நிறுத்தி, அதன் காலணியைக் கழற்றி, பாதியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவோம். ஆறு அசை மூன்றாக வந்தது. அழுத்தம் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. இரு தலைவர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அவள், முடியும், ஆனால் வேண்டாம் என்றாள்.

"வேண்டாம்னு சொல்றதுதான் முதல் அறிகுறி" என்றார் டாக்டர் ஆக்வொர்த் வருத்தத்துடன்.

அதற்கப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. மியூரியலின் மணிக்கட்டில் நீலமும் பச்சையும் ஏறின. கம்பளிச் சட்டைக்கு மேலேயே ஆஸ்பத்திரி அங்கியை மாட்டினார்கள். வீட்டில் பட்டாணி ஊறப்போட்டுவிட்டு வந்திருப்பதாக அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்; இடம், காலம் பற்றிய குழப்பம் என்று எழுதினார்கள். வார்டில் காலிக் கட்டில் இல்லை, ஆகவே என் கட்டிலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டு, அவளை உட்கார வைத்தார்கள். நானும் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கை என் கையைத் தேடி, நடுவிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.

மிஸ் ஸ்ட்ரிக்லண்ட் முடிவை வாசித்தார். எனக்குக் கிழக்கே கடல் காட்சி. மியூரியலுக்கு மேற்கே மலைக் காட்சி என்று இன்னொரு இல்லம். இருவரும் ஒரே இடத்திலிருந்தால் குட்டைச் சொற்களில் ஒருவரை ஒருவர் ஊக்குவிப்பார்கள். அது மருத்துவரீதியாக நல்லதல்ல.

வண்டிக்காரன் சக்கர நாற்காலியை என் முழங்காலில் கொண்டுவந்து இடித்தான். நான் 'சாரி' என்றேன்.

அப்போதுதான் ஜில் மெட்காஃப் வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் கணக்குப் பார்ப்பவள். எந்த டாக்டரும் எந்த வாரியமும் அவளுக்குக் கீழேதான், ஏனென்றால் எல்லாருக்கும் கட்டில் வேண்டும். வார்டில் ஒரு கட்டில் கூடிவிட்டது என்ற செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. அவள் வாசலில் நின்று, பட்டியில் ஆடு எண்ணுவதைப்போல விரலை ஆட்டிக்கொண்டே எங்களை எண்ணினாள். அது அவளுக்குப் பிறப்பிலேயே வந்தது. அவள் அப்பன் எங்கள் சந்தையில் இமையைக் கூட முழுசாக அசைக்காமல் ஆட்டுக்கு விலை கேட்கிற ஆள்.

நடக்கிறவர்களை யார் படுக்க வைத்தது என்று கேட்டாள். நடைமுறை இன்னும் முடியவில்லை என்றார்கள்.

"வெளிய ஆம்புலன்ஸ்ல ரெண்டு பேரு படுத்துக் கெடக்கறாங்க, மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். அவங்கள அங்கயே ஆறு தட்டு தட்டச் சொல்லட்டுமா, இல்ல எனக்குக் கட்டில் தர்றீங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "கிளிஃப், நீங்க வீட்டுக்குப் போறீங்களா? உங்க வாயால ஆமான்னு ஒரு வார்த்த வேணும். அது மட்டும் இருந்தா நான் பாத்துக்கறேன்."

இரண்டே அசைச் சொல். பகுதி இல்லை, விகுதி இல்லை, அழுத்தத்துக்கு அலைய வேண்டியதில்லை. வார்டு முழுவதும் என் வாயைப் பார்த்தது. மியூரியல் என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"சாரி" என்றேன்.

"மறுத்துட்டார்" என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். எழுதிக்கொண்டார். ஜில்லின் முகம் விழுந்தது. நோயாளி வேண்டாம் என்றால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டிக்காரன் என் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினான். பாதி எழுந்தும்விட்டேன்.

வாழ்நாள் முழுக்க மேஜைக்கு மேலே நின்று ஊரார் கேட்கும் விலையைப் பிடித்தவன் நான். ஒருநாளும் கீழே நின்று ஏலம் கேட்டதில்லை. எங்கள் சந்தையில் வாய் திறந்து விலை கேட்கிறவனை வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். தெரிந்தவன் மூக்கோரத்தை ஒரு விரலால் தொடுவான், அவ்வளவுதான். அது பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. ஆனால் தொட்டுவிட்டால் தொட்டதுதான். பிறகு சொத்தை விற்றாவது கொடுத்துத் தீர வேண்டும்.

ஜில்லை நேராகப் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலால் மூக்கோரத்தைத் தொட்டேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் சுருங்கியது. பிறகு மிக மெதுவாக, அவள் அப்பனைப் பார்த்து மேஜையிலிருந்து நான் கேட்கிற அதே தோரணையில், "கேக்கறீங்களா?" என்றாள்.

மறுபடி தொட்டேன்.

மியூரியலின் பக்கம் தலையைச் சாய்த்தாள். "தனியாவா, ஜோடியாவா?"

விரலை மூக்கிலிருந்து எடுத்து மியூரியலைக் காட்டி, திரும்ப மூக்குக்குக் கொண்டுபோனேன். அவசரத்தில் கண்ணில் குத்திக்கொண்டேன்.

"ஜோடி. ஒரே லாட்டு, பிரிச்சு விக்கறதில்ல." வார்டு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள், வேறு யாராவது கேட்கிறார்களா என்று. டெரிக் மூச்சுவிடக்கூட இல்லை. மிஸ் ஸ்ட்ரிக்லண்டுக்கு மூக்கு அரித்தது; சொறிந்துகொள்ளக் கையைத் தூக்கினார். "கைய எறக்குங்க மேடம்" என்றாள் ஜில், எந்தச் சிரிப்பும் இல்லாமல். மிஸ் ஸ்ட்ரிக்லண்ட் இறக்கிக்கொண்டார். ஜில் கட்டில் கம்பியில் விரல் முட்டியால் ஓங்கித் தட்டினாள். "ஏலம் போச்சு. கிளிஃப் பூத்ராய்டுக்கு."

அந்தத் தட்டு வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. கையுறை போடாத தட்டு.

இதற்கு விதிமுறையில் இடமில்லை என்றார் மிஸ் ஸ்ட்ரிக்லண்ட். கட்டிலிலும் இடமில்லை என்றாள் ஜில். டாக்டர் ஆக்வொர்த், பகுதியையும் விகுதியையும் இப்படிச் சேர்த்தே அனுப்புவது கொள்கையளவில் தவறு என்று மட்டும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். பதிவு செய்துகொண்டார்கள். வண்டிக்காரன், காலி வண்டியோடு திரும்பினால் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று அழாக்குறையாக நின்றான். டெரிக்குக்கு அன்று மதியத்துக்குமேல் வேலை இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். கடலை அவன் பார்த்ததே இல்லையாம். பாவம், யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நாங்கள் பஸ்ஸில் வந்தோம். மியூரியலின் மணிக்கட்டில் அந்தப் பட்டைகள் அப்படியே இருந்தன. டிரைவர் அவற்றைப் பார்த்துவிட்டு, என்ன அத்தாச்சி, திருவிழாவுக்குப் போனீங்களா என்று கேட்டான். அவள், ஆமாம், ராட்டினத்தில் ஏற்றி இறக்கினார்கள் என்றாள்.

வீட்டு வாசலில் அவள் சாவித் துவாரத்தைத் தேடினாள். நடு தெரியாதவளுக்குத் துவாரம் எங்கே தெரியும். நான் அவள் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோனேன். திருப்புவதற்கு என் கையில் பலமில்லை, அவள் திருப்பினாள். கதவு திறந்தது. உள்ளே குளிர்ந்து கிடந்தது. பட்டாணி ஊறி, பாத்திரத்தை மீறிப் பொங்கி, மேஜைமேல் உருண்டு கிடந்தது. அவள் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆஸ்பத்திரி அங்கி இன்னும் கம்பளிச் சட்டைக்கு மேலே தொங்கியது.

யாரும் என்னை எதையும் சொல்லச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

"மியூ" என்றேன்.

அவள் கை நின்றது. "என்னது, பூன வந்துருச்சா?"

"மியூ." முட்டிப் பார்த்தேன். அதற்குமேல் வரவில்லை. மறுபடி முட்டினேன். "மியூ..."

அவள் திரும்பி என் காதுக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்தாள்.

"போதும் விடு" என்றாள். "மிச்சத்த நான் போட்டுக்கறேன்."